மளிகைக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

மளிகைப் பொருளில் எது மலிவு என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் இம்முறை சேலம் மாவட்டத்துக் கடிதங்களே அதிகம். ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து கேட்டிருப்பதால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ஒரே கம்பெனியின் துவரம்பருப்பை அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என மூன்று அளவுகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்கிறார் என் கணவர். பாக்கெட்டின் பின்புறம் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ‘யு.எஸ்.பி.’ என்று சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அந்த எண்தான் அலகு விலை (யூனிட் சேல் பிரைஸ்), அம்மா. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இல் இயற்றப்பட்டவை. 2021-இல் அவற்றைத் திருத்தியபோது, பாக்கெட்டில் மொத்த விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைப் படிப்பதற்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அலகு விலையை ஒரு கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றும் அச்சிடுவார்கள். சரியாக ஒரு கிலோ பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யே கிலோ விலையாகிவிடுவதால், அதில் தனியாகப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே நீங்கள் சொல்லும் மூன்று பாக்கெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரைக் கிலோவில் 0.19 என்றும், இரண்டு கிலோவில் 192 என்றும் இருக்கும், ஒரு கிலோவில் ஒன்றுமே இருக்காது. கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால்தான் மூன்றும் ஒரே தராசுக்கு வரும்.

இரண்டாவது விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அலகு விலையை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி அச்சிடுகிறார்கள். அரைக் கிலோ 93 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.186, அரைக் கிலோ 97 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.194. இரண்டையும் சுருக்கினால் 0.19 என்றுதான் வரும். பாக்கெட்டில் எண் ஒன்றாக இருந்தாலும், ஒன்று கிலோ 186 ரூபாய், மற்றது 194 ரூபாய். ஏலக்காய், குங்குமப்பூ போன்ற விலை உயர்ந்த சரக்குகளுக்குக் கிராம் விலை சரியாகவே வழிகாட்டும். பருப்பு, ரவை, சர்க்கரை போன்றவற்றில் கிலோவுக்குச் சில ரூபாய் வித்தியாசத்தைத்தான் நாம் தேடுகிறோம், அந்த வித்தியாசமே இந்தச் சுருக்கலில் மறைந்துவிடுகிறது. அச்சிட்ட எண்ணை நம்பாமல் நீங்களே அரைக் கிலோ விலையை இரண்டால் பெருக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, அந்த எண் எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிடப்பட்டது, கடைக்காரர் உங்களிடம் வாங்கப்போகும் விலையிலிருந்து அல்ல. அரைக் கிலோ எம்.ஆர்.பி. 95 ரூபாய், ஒரு கிலோ 186, இரண்டு கிலோ 384 என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட விலைப்படி கிலோவுக்கு முறையே 190, 186, 192 ரூபாய். இங்கேயே பெரிய பாக்கெட் தோற்றுவிட்டது. அரைக் கிலோவுக்கு மட்டும் கடையில் சலுகை கொடுத்து 84 ரூபாய்க்கு விற்றால் கிலோ 168-க்கு வந்துவிடும். அப்போது இரண்டு அரைக் கிலோ பாக்கெட்டுகளை எடுப்பதே லாபம். பெரிய அளவு மலிவாக இருப்பது உண்டு, ஆனால் அது விதி அல்ல. ஷாம்பூவில் சாஷேவையும் பாட்டிலையும் மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் சாஷேதான் மலிவாக இருக்கும்.

கேள்வி: செல்போனை எடுத்து வகுத்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மனக்கணக்காகவே போட வழி உண்டா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உண்டு. விலையைக் கிராமால் வகுக்கப் போகாதீர்கள், கிலோவாக உயர்த்திக்கொள்ளுங்கள். 250 கிராம் விலையை நான்கால், 200 கிராம் விலையை ஐந்தால், 125 கிராம் விலையை எட்டால் பெருக்க வேண்டும். 400 கிராம் என்றால் இரண்டு மடங்கும் அதன் மேல் பாதியும், அதாவது இரண்டரை மடங்கு.

கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாக்கெட்டுகளுக்குப் பெருக்கலைவிடக் கூட்டல் சுலபம். 900 கிராம் விலையோடு அதில் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டினால் கிலோ விலை. 800 கிராமுக்குக் கால் பங்கு, 750 கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 850 கிராமுக்கு ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு ஒப்பித்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், நீங்கள் முடிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிடுவார்.

எல்லாப் பொருளுக்கும் இப்படிப் பார்க்க வேண்டியதில்லை. மாதத்துக்கு 50 கிராம் வாங்கும் கடுகில் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய்தான். அரிசி, எண்ணெய், பருப்பு, காபித்தூள், சோப்பு ஆகியவற்றில் கணக்குப் பார்த்தால் போதும்.

கேள்வி: லீ பஜாரில் அரிசி வாங்கப் போனால் 26 கிலோ மூட்டை என்கிறார்கள். முன்பெல்லாம் 25 கிலோதானே இருந்தது? இதில் ஏதாவது சூட்சுமம் உண்டா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: சூட்சுமம் வரியில் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இந்த வரி இல்லை. ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டியதும் மூட்டை வரிக்கு வெளியே போய்விட்டது. சட்டத்துக்கு உட்பட்ட வேலைதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது கிலோ விலையை. 25 கிலோ மூட்டை 1,450 ரூபாய், 26 கிலோ மூட்டை 1,456 ரூபாய் என்றால், கையிலிருந்து போகும் பணம் 6 ரூபாய் அதிகம் என்று தோன்றும். கிலோ கணக்கில் முதலாவது 58 ரூபாய், இரண்டாவது 56 ரூபாய். ஆனால் மூட்டையின் மேல் ‘26’ என்று பெரிதாக இருப்பதைப் பார்த்தே மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதலாக வந்த ஒரு கிலோவுக்கு முழு விலையும் சேர்த்து வாங்கும் கடைகளும் உண்டு. ரகமும், புது அரிசியா பழைய அரிசியா என்பதும் ஒன்றாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

கேள்வி: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை ஒரு கடையில் லிட்டர் 260 ரூபாய்க்கும், இன்னொரு கடையில் கிலோ 275 ரூபாய்க்கும் விற்கிறார்கள். லிட்டர்தானே மலிவு?
– வாசகி, ஆத்தூர்

பதில்: கிலோதான் மலிவு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும். 260 ரூபாயை 0.91 ஆல் வகுத்தால் கிலோ சுமார் 286 ரூபாய் வருகிறது. இரண்டாவது கடையில் 11 ரூபாய் மிச்சம்.

பாக்கெட் எண்ணெயில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். இன்ன பொருளை இன்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த பட்டியல் 2021 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டதால், ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே பார்வைக்கு அதே உயரமுள்ள 850 கிராம் பாக்கெட்டும் நிற்கிறது. ஒரு லிட்டர், அதாவது 910 கிராம், 158 ரூபாய். 850 கிராம் 150 ரூபாய். எட்டு ரூபாய் குறைவு என்று இரண்டாவதை எடுப்பவர்கள் உண்டு. கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 174, இரண்டாவது சுமார் 176. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, நிகர எடை என்ற வரியில் கிராம் எவ்வளவு என்று பாருங்கள். மில்லிலிட்டர், கிராம் இரண்டும் இருந்தால் கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சூட்டில் எண்ணெய் விரிந்து மில்லிலிட்டர் கூடும், எடை கூடாது.

தேனில் இந்தக் கணக்கு தலைகீழ். நல்ல தேன் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். ஏற்காட்டில் லிட்டர் 600 ரூபாய் என்று ஒருவரும், சேலத்துக் கடையில் கிலோ 450 ரூபாய் என்று இன்னொருவரும் சொன்னால், மலைத்தேன் கிலோ 429 ரூபாய்தான் ஆகிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை லிட்டர் என்று சொல்லும் பழக்கம் உண்டு. அந்தப் பாட்டில் 750 மில்லியாகவோ 650 மில்லியாகவோ இருக்கலாம். பாட்டிலின் அடியில் புடைப்பாக அச்சாகியிருக்கும் எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: வருடப் புளி வாங்கும் காலம் வந்துவிட்டது. கொட்டை எடுத்த புளி கிலோ 160, எடுக்காதது கிலோ 110. எதை வாங்கலாம்?
– வாசகி, ஓமலூர்

பதில்: எடைக்கு விலை பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதில் எவ்வளவு எடை அடுப்புக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டிய பொருள் புளி. ஓடு நீக்கிய புளியிலும் கொட்டையும் நாரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவது வழக்கம். ஒரு கிலோவில் 620 கிராம் சதை தேறினால் 110 ரூபாய் என்பது சதைக் கிலோவுக்கு 177 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த விலையில் கொட்டை எடுத்ததே மலிவு, உட்கார்ந்து தட்டி எடுக்கும் உழைப்பும் மிச்சம். கொட்டையோடு உள்ளது 99 ரூபாய்க்குக் கீழே வந்தால்தான் கணக்கு மாறும். பத்துக் கிலோ வாங்குவதற்கு முன் கால் கிலோ மட்டும் வாங்கி, கொட்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள், ஏனெனில் மரத்துக்கு மரம் சதைப்பற்று வேறுபடும்.

தோலோடு கூடிய வேர்க்கடலைக்கும் இதே வழிதான். ஒரு கிலோ காயில் ஏறத்தாழ 700 கிராம் பருப்பு தேறும் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: நான் ஏற்காட்டில் இருக்கிறேன். இங்கே கலப்பில்லாத காபித்தூள் கிலோ 900 ரூபாய்க்கும், சிக்கரி கலந்தது 700 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வீட்டில் சிக்கரி காபியும் குடிப்போம். கிலோவுக்கு 200 ரூபாய் மிச்சம் என்று கலந்ததையே வாங்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கலப்பு எத்தனை சதவீதம் என்று லேபிளில் பார்த்தீர்களா, ஐயா? காபி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று போட்டாக வேண்டும் என்பது சட்டம். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது சிக்கரி 49 வரை போகலாம். அந்த விகிதம் தெரியாமல் இரண்டு தூள்களின் கிலோ விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

உங்கள் 700 ரூபாய்த் தூளில் காபி 60, சிக்கரி 40 என்று கொள்வோம். தனிச் சிக்கரித்தூள் கிலோ 200 ரூபாய்க்குக் கிடைத்தால், அந்தக் கலவையில் உள்ள 400 கிராம் சிக்கரியின் மதிப்பு 80 ரூபாய். மீதி 620 ரூபாய் 600 கிராம் காபிக்கு நீங்கள் கொடுத்த விலை. அதைக் கிலோவாக்கினால் 1,033 ரூபாய். கலப்பில்லாத காபி 900-க்குக் கிடைக்கும்போது கலவைக்குள் இருக்கும் காபிக்கு 133 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

இதற்காகச் சிக்கரியை விட்டுவிடச் சொல்லவில்லை. சிக்கரி சேர்ந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாகும், நிறம் ஏறும், அந்தக் கசப்பு இல்லாவிட்டால் காபி குடித்தது போலவே இல்லை என்பவர்களில் நானும் ஒருவன். கலப்பில்லாத தூளையும் சிக்கரியையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே 60-க்கு 40 கலந்துகொண்டால் கிலோ 620 ரூபாய்க்கு முடிந்துவிடும். நாக்குக்குத் தகுந்தபடி சிக்கரியைக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கேள்வி: பத்து ரூபாய் பிஸ்கட் பல வருடங்களாகப் பத்து ரூபாய்தான். விலைவாசி ஏறவில்லை என்று கொள்ளலாமா?
– மாணவர், மேட்டூர்

பதில்: 75 கிராம் பாக்கெட் 60 கிராமாகிவிட்டால் கிலோ 133 ரூபாய் 167 ரூபாயாகிறது. இது 25 சதவீத விலையேற்றம். பழைய உறை ஒன்று அலமாரிக்கு அடியில் கிடந்தால் நிகர எடையைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதில் இனிப்பை நிரப்பி, மொத்தமாக நிறுத்துத் தருகிறார்கள். கேட்டால் ‘எல்லோருக்கும் இப்படித்தான்’ என்கிறார்கள். புகார் செய்யலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: செய்யலாம். நிறுத்து விற்கும்போது நிகர எடைக்குத்தான் பணம், பெட்டியும் பையும் அதில் சேரக் கூடாது. கனமான அட்டைப் பெட்டி 80 கிராம் இருந்தால், கிலோ 600 ரூபாய் இனிப்பில் அட்டைக்கு மட்டும் 48 ரூபாய் கொடுத்தவராகிறீர்கள்.

புகாருக்கு முன்னால் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலிப் பெட்டியைத் தராசில் வைத்ததும் திரையில் 80 என்று காட்டும். அப்போது ‘பூஜ்யம் பண்ணிட்டு இனிப்பை வைங்க’ என்று சொல்லுங்கள். மின்னணுத் தராசில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் பெட்டியின் எடை கழிந்து திரை பூஜ்யத்துக்கு வந்துவிடும். மிளகாய் வற்றல் நிறுக்கும் தகர முறத்துக்கும், மீன் கடைக் கூடைக்கும் இதையே சொல்லலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுபேச்சின்றிச் செய்துவிடுவார்கள். மறுப்பவர்கள் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை என்பதால், மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் எல்லாவற்றுக்கும் கிலோவுக்குச் சில ரூபாய் கூட. மாதம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கி வந்து மொத்தமாக வாங்குவது லாபமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு வட்டம்

பதில்: முதலில் ரேஷன் பொருளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்னும்போது எந்தக் கடையோடும் ஒப்பிட வேண்டியதில்லை. மீதி வாங்கும் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் கிலோவுக்கு மிச்சமாகும் தொகையை, வாங்கும் எடையால் பெருக்குங்கள். அரிசியில் கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 25 கிலோவுக்கு 50, எண்ணெயில் 8 ரூபாய் வீதம் ஐந்து லிட்டருக்கு 40, பருப்பு வகையில் 15 ரூபாய் வீதம் மூன்று கிலோவுக்கு 45, மற்றவற்றில் 15 என்றால் மொத்தம் 150 ரூபாய். பேருந்தில் போய்வரும் கட்டணம், மூட்டைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வீடு சேர்வதற்கு முன் குடிக்கும் டீ எல்லாம் சேர்ந்து 150 ஆகிவிட்டால், ஒரு நாளைச் செலவழித்து ஒன்றும் மிஞ்சாது.

அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகளின் சரக்கையும் ஒருவரே சேர்த்து வாங்கினால் செலவு பங்கிடப்படும். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ எப்படியும் சேலத்துக்கு இறங்கியாக வேண்டிய நாளில் வாங்கினால் பேருந்துக் கட்டணம் மளிகையின் தலையில் விழாது, 150 ரூபாயும் மிச்சம்தான். அரிசி மூட்டையில் கிலோவுக்கு மிச்சம் குறைவு, சுமை அதிகம். ஆகவே அதை உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொண்டு, எண்ணெயையும் பருப்பையும் மட்டும் கீழே வாங்குவது சிரமத்துக்கு ஏற்ற பலன் தரும். மிளகுக்கும் காபிக்கும் லீ பஜார் விலையைக் கேட்பதற்கு முன், உங்கள் மலையிலேயே தோட்டத்துக்காரரிடம் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.